வார வேதபாடத்துக்கு ஒரு பக்கத் தியானம்: வீட்டு ஜெபத்துக்கு ஆயத்தம் செய்யும் முறை

ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்படும் சுவிசேஷ பாடத்தை எடுத்து, அந்த வாரத்தில் ஏழெட்டுப் பேர் கூடும் வீட்டு ஜெபத்தில் பத்து நிமிடத்துக்குள் தியானமாகச் சொல்வதற்கு எப்படி ஆயத்தம் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன். நான் போதகர் அல்லன். இந்தப் பொறுப்பைச் சில ஆண்டுகளாகச் செய்துவரும் சபை அங்கத்தவன் மட்டுமே. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்ததிலிருந்து இங்கே மெதடிஸ்த சபையும், அதற்கு முன்பிருந்தே கத்தோலிக்க சபையும் வேரூன்றியிருப்பதால், நான் பின்பற்றும் லுத்தரன் முறை (சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் வழி) என்று சொன்னால் "அது என்ன, வேறு வேதாகமமா?" என்று அயலவர்கள் கேட்பதுண்டு. வேதாகமம் ஒன்றுதான். அதில் தேவன் இரண்டு விதமாகப் பேசுகிறார் என்பதை மறவாமல் வாசிப்பதே இந்த முறை: நியாயப்பிரமாணம் நம்மிடம் கேட்கிறது, நம்மைக் குற்றப்படுத்துகிறது, சுவிசேஷம் கிறிஸ்துவினிமித்தம் நமக்குத் தருகிறது. கேட்பதையும் தருவதையும் கலந்துவிடாமல் கேட்கப் பழகுவதற்காகத்தான் கீழே வரும் படிகள் எல்லாம்.

முதலில் நாட்காட்டி

திருச்சபை ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு ஞாயிறுகளில் முதலாவதான ஆகமன ஞாயிறே அதன் தலைநாள். அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் விழும். 2026இல் அது நவம்பர் 29. மூன்றாண்டு வேதபாட அட்டவணையைப் பின்பற்றும் சபைகளில் முதலாம் ஆண்டு மத்தேயுவுக்கும், இரண்டாம் ஆண்டு மாற்குவுக்கும், மூன்றாம் ஆண்டு லூக்காவுக்கும் உரியது. யோவானுக்குத் தனியாண்டு இல்லை, ஆனால் உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்திய தவக்காலமான லெந்திலும் உயிர்த்தெழுந்த காலத்திலும் அவர் அடிக்கடி வந்துவிடுவார். எந்த ஆண்டு நடக்கிறது என்பதை அறிய, ஜனவரிக்குப் பின்னான ஆண்டு எண்ணை மூன்றால் வகுத்துப் பாருங்கள். மீதி 1 என்றால் மத்தேயு, 2 என்றால் மாற்கு, மீதியே இல்லையென்றால் லூக்கா. 2026க்கு மீதி 1 வரும். ஆகவே அது மத்தேயு ஆண்டு, நவம்பர் 29 முதல் மாற்கு. ஒவ்வோர் ஆண்டும் அதே பாடங்கள் திரும்பிவரும் பழைய ஓராண்டு அட்டவணையை வைத்திருக்கும் லுத்தரன் சபைகளும் உண்டு. எதுவானாலும் உங்கள் சபை வாசிப்பதையே வீட்டிலும் வாசியுங்கள். அட்டவணை இல்லாமல் நாமே வசனத்தைத் தெரிந்தெடுத்தால், நமக்கு இனிக்கிற வசனங்களையே சுற்றிச்சுற்றி வருவோம்.

உயிர்த்தெழுந்த திருநாளைக் கண்டுபிடிக்க எங்கள் நாட்டுக் கலண்டரே போதும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் போயா (பௌர்ணமி) தினத்தைப் பார்த்து, அதற்கு அடுத்த ஞாயிற்றைக் குறித்தால் பெரும்பாலும் சரியாக வரும். 2019இல் போயா ஏப்ரல் 19, உயிர்த்தெழுந்த ஞாயிறு ஏப்ரல் 21. 2026இல் அது ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. அங்கிருந்து ஆறு ஞாயிறுகளை விட்டுவிட்டு நாற்பது நாட்களைப் பின்னோக்கி எண்ணினால் லெந்து தொடங்கும் சாம்பல் புதன். முன்னோக்கி எண்ணினால் நாற்பதாம் நாள் பரமேறுதல், ஐம்பதாம் நாள் பெந்தெகொஸ்தே.

இந்தக் காலங்களை அனுசரித்தால் புண்ணியம் சேரும் என்று யாராவது சொன்னால், அன்போடு மறுத்துவிடுங்கள். 1530இல் வாசிக்கப்பட்ட, லுத்தரன் சபைகளின் அடிப்படை அறிக்கையான அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 15ஆம் பிரிவு, திருநாள்களையும் ஒழுங்குகளையும் சபையின் சமாதானத்துக்காகவும் நல்லொழுங்குக்காகவும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவற்றால் கிருபையைச் சம்பாதிக்கலாம் என்று மனச்சாட்சிகளைப் பாரப்படுத்தக்கூடாது என்கிறது. லெந்து காலத்தில் மீன் சாப்பிடலாமா கூடாதா என்ற விவாதத்தில் அரைமணி நேரம் போய்விட்ட ஒரு வீட்டு ஜெபத்துக்குப் பிறகு, அந்தப் பிரிவை எழுதி என் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

வாய்விட்டு வாசித்தல்

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் என்றால் திங்கள் இரவே பாடத்தைத் திறந்துவிடுங்கள். விளக்கவுரைகளைத் தொடாதீர்கள், கைத்தொலைபேசியில் வரும் பிரசங்கங்களையும் இப்போது கேட்க வேண்டாம். 1539இல் தம் நூல்தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் லுத்தர், 119ஆம் சங்கீதத்திலிருந்து மூன்று விதிகளை எடுத்துக் காட்டுகிறார்: ஜெபம், தியானம், சோதனை. தியானம் என்பதை அவர் மனத்துக்குள் மட்டும் நடப்பதாகச் சொல்லவில்லை. எழுத்தில் உள்ள சொல்லை வாயினால் திரும்பத் திரும்பச் சொல்லி, உரசிப் பார்த்து, அதன் மூலம் ஆவியானவர் என்ன சொல்கிறார் என்று கவனிப்பதே தியானம் என்கிறார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் நிறைவேற்றியதும் இப்படி நம் வாயில் அந்தச் சொற்கள் ஏறுவதற்காகவே.

வாய்விட்டு வாசித்ததில் எனக்குக் கிடைத்த ஒரு பயனைச் சொல்கிறேன். லூக்கா ஆண்டில் உயிர்த்தெழுந்த காலத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கு யோவான் 21 வரும்: இராமுழுவதும் வலை வீசி ஒன்றும் அகப்படாத சீஷர்கள், விடியலில் கரையில் நிற்கும் இயேசு. அவர்கள் கரைக்கு வந்தபோது "கரிநெருப்புப் போட்டிருக்கிறதையும், அதின்மேல் மீன் வைத்திருக்கிறதையும்" கண்டார்கள் என்ற வரியை மூன்றாம் தடவை சத்தமாக வாசித்தபோது, "கரிநெருப்பு" என்ற சொல் எங்கோ கேட்டதுபோல் இருந்தது. முன்னால் புரட்டினேன். யோவான் 18இல், பிரதான ஆசாரியனுடைய அரமனை முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டு நின்றதும், நின்றவாறே ஆண்டவரை மறுதலித்ததும் கரிநெருப்பின் அருகேதான். மறுதலித்தவனுக்கு அதே நெருப்பின் மணத்தோடு காலை உணவு வைத்திருக்கிறார் கர்த்தர். கண்ணால் மட்டும் வாசித்திருந்தால் இந்தச் சொல் என்னைத் தாண்டிப் போயிருக்கும்.

நாலு இழை

அடுத்து, செவ்வாய் அல்லது புதன், ஒரு தாளை நாலாக மடியுங்கள். 1535இல் தமக்கு முடிதிருத்துபவரான பேதுரு பெஸ்கெண்டோர்ப் எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு லுத்தர் எழுதிய பதிலில், பத்துக் கற்பனைகளில் (கட்டளைகளில்) ஒவ்வொன்றையும் நாலு இழை சேர்த்துத் திரித்த மாலையாக்கிக்கொள்வதாகச் சொல்கிறார்: இது எனக்கு எதைக் கற்பிக்கிறது, எதற்காக நன்றி சொல்லச் செய்கிறது, எதை அறிக்கையிடச் செய்கிறது, எதைக் கேட்கச் செய்கிறது. முடிதிருத்துபவருக்கு ஏற்ற உவமையும் தருகிறார்: நல்ல கைகாரன் கத்தியிலும் மயிரிலும் கண்ணை வைத்திருக்க வேண்டும், பேச்சில் மனம் போனால் வாயையோ மூக்கையோ வெட்டிவிடுவான்; ஜெபமும் அப்படித்தான். இந்த நாலு இழைகளை எந்தச் சுவிசேஷ பாடத்துக்கும் பயன்படுத்தலாம்.

யோவான் 21க்கு என் தாளில் இருந்ததை அப்படியே தருகிறேன். கற்பிப்பது: அவர்கள் மீன் கொண்டுவருமுன்பே நெருப்பின்மேல் மீன் இருந்தது, அவர் அவர்களுடைய பிடிப்பை எதிர்பார்த்து நிற்கவில்லை. நன்றி: "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று அழைக்கிறவர் என்னையும் தம் பந்தியில் அப்பமும் இரசமும் தந்து உட்காரவைத்தார். அறிக்கை: தோணி நிறைந்தால் என் கெட்டித்தனம், வெறும் வலை வந்தால் அவர் மறந்துவிட்டார் என்று எண்ணுகிறேன். வேண்டுதல்: இந்த வாரம் வாவியில் இறங்குகிற பிள்ளைகளுக்காக, பேதுருவைப்போல் வெட்கத்தோடு விலகி நிற்கிறவர்களுக்காக. நாலு இழையும் ஒரே நீளத்தில் வராது; வரவும் வேண்டாம். ஒன்றில் மனம் தரித்து நின்றால் மற்றவற்றை விட்டுவிடுங்கள். ஆவியானவரே உள்ளே பிரசங்கிக்கத் தொடங்கினால் மற்றதை நிறுத்திவிட்டுக் கேள் என்று லுத்தரும் அந்தப் பதிலில் எழுதியிருக்கிறார்.

கேட்பதும் தருவதும்

மிகவும் தவறு நடக்கும் இடம் இதுவே. நான் தவறியதும் இங்கேதான். பழைய அட்டவணையில் லெந்துக்கு முந்திய இரண்டாம் ஞாயிற்றுக்கு லூக்கா 8இன் விதைக்கிறவன் உவமை வரும். அது மாசி மாதம். இங்கே வேளாண்மை வெட்டு நடக்கும் காலம். வயலைப் பற்றிய பாடம், வயலையே பார்த்துக்கொண்டிருக்கும் மக்கள். இதைவிட வேறென்ன வேண்டும் என்று உற்சாகமாகப் பேசினேன். நாம் வழியருகா, கற்பாறையா, முள்ளா, நல்ல நிலமா என்று சோதித்துப் பார்ப்போம், நல்ல நிலமாக மாறுவோம் என்று முடித்தேன். அங்கே இருந்த வயதான ஒருவர், பல போகங்கள் முல்லைக்காரராக (வயல்வேலைக்காரராக) நின்றவர், தேநீர் குடிக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "மனே, நிலம் தன்னைத்தானே உழுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் தொடர்ந்தார்: "கைவிதைப்பில வரம்பிலயும் நாலு நெல்லு விழத்தான் செய்யும். அதுக்காக விதைக்கிறவன் கையைச் சுருக்கிறானா? சுருக்கமாட்டான்." அன்று இரவு வீட்டுக்கு வந்து பாடத்தை மறுபடி வாசித்தேன். "விதை தேவனுடைய வசனம்" என்று ஆண்டவரே சொல்லியிருக்க, நான் பத்து நிமிடமும் நிலத்தைப் பற்றியே பேசியிருந்தேன். விதையைப் பற்றியோ, வழியருகு என்று தெரிந்தும் கையை விரித்து எறிகிற விதைக்கிறவரைப் பற்றியோ ஒரு வாக்கியம்கூட இல்லை. நான் சொன்னது முழுவதும் நியாயப்பிரமாணம், அதுவும் அரைகுறையானது. ஏனென்றால் உண்மையான நியாயப்பிரமாணம் "நீ மாற வேண்டும்" என்பதோடு நிற்காமல் "உன்னால் மாற முடியாது" என்பதையும் காட்டும். அதற்குப் பிறகுதான் விளைவைத் தருவது விதையின் வல்லமை என்ற சுவிசேஷம் மழையாக இறங்கும்.

அதிலிருந்து ஒரு சோதனையைக் கைக்கொள்கிறேன். எழுதிய தியானத்தில் "வேண்டும்", "செய்வோம்", "முயற்சிப்போம்" என்று வருகிற இடங்களையெல்லாம் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். பின்பு வாக்கியத்தின் எழுவாயாகத் தேவனோ கிறிஸ்துவோ நின்று, நமக்காக ஒன்றைச் செய்து முடித்திருக்கிற வாக்கியங்களை வட்டமிடுங்கள். கோடுகள் பக்கத்தை நிரப்பி, வட்டம் ஒன்றும் இல்லையென்றால், அந்தத் தாளோடு வீட்டு ஜெபத்துக்குப் போகாதீர்கள். கடைசி வாக்கியம் வட்டத்துக்குள் இருக்க வேண்டும். மூன்றாண்டு அட்டவணையில் இதே உவமை மத்தேயு 13 ஆக ஆடி மாதத்தில், சிறுபோகம் வயலில் நிற்கும்போது வரும். அப்போது அந்தத் தாளை மறுபடி எழுதிப் பார்க்கலாம்.

உள்ளூர் உவமைகளை எப்போது சேர்ப்பது என்றால், கடைசியில். வாவியும் வட்டையும் (வயல்வெளியும்) தாமாகவே வசனத்துக்குள் நுழைந்தால் வரவேற்போம். நாமே இழுத்துக்கொண்டுவந்தால் கேட்பவர்கள் வீட்டுக்குப் போகும்போது வயலை நினைப்பார்கள், வசனத்தை மறப்பார்கள்.

காலங்களுக்கு ஏற்றபடி

ஆகமன காலம் இங்கே மாரிகாலம். ஐரோப்பியப் பனியையும் ஊசியிலை மரத்தையும் கடன்வாங்க வேண்டிய தேவை இல்லை. ஆகமன மெழுகுதிரி வளையத்தை 1839இல் ஹம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு நாளை எண்ணிக் காட்டுவதற்காக லுத்தரன் போதகர் விகர்ன் பழைய வண்டிச் சக்கரத்தில் செய்தார். நாம் நாலு சிட்டி விளக்கை ஒரு தாம்பாளத்தில் வைத்தாலும் அதே வேலை நடக்கும். மழைக்கு மின்சாரம் நின்றுவிடும் இரவுகளில் அது வெளிச்சத்துக்கும் உதவும். ஆகமனத்தில் வருகிற லூக்கா 21ஐ மட்டக்களப்பில் வாசிப்பதற்கு விளக்கவுரை அதிகம் தேவைப்படாது. "சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும்" என்று வாசிக்கும்போது 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் தலையை நிமிர்த்துவார்கள். பயத்தைக் கிளறிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அதே பாடத்தில் மூன்று வசனம் தள்ளி, "உங்கள் மீட்பு சமீபமாயிருப்பதால், நீங்கள் நிமிர்ந்துபார்த்து, உங்கள் தலைகளை உயர்த்துங்கள்" என்று வருகிறது. தியானம் அங்கே போய்ச் சேர வேண்டும்.

கிறிஸ்து பிறப்பைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நீங்கள் அதற்கு மறுநாளைப் பேசுங்கள். டிசம்பர் 26 இரத்தசாட்சி ஸ்தேவானின் நாள், 28 பெத்லகேமில் ஏரோது கொன்ற குழந்தைகளின் நாள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கல்லடி, நாவலடியிலிருந்து கல்முனைக் கரைவரை பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார் இன்னும் நம் கூட்டங்களில் இருக்கிறார்கள். அந்த வாரத்தில் மத்தேயு 2 வாசிக்கப்படும்போது, ராகேல் தன் பிள்ளைகள் "இல்லாதபடியால் ஆறுதலடையாதிருக்கிறாள்" என்ற வரிக்கு உடனே ஆறுதல் சொல்ல ஓடாதீர்கள். வேதமே அவளை ஆறுதலடையாதவளாக விட்டுவைக்கிறது. நாம் ஏன் அவசரப்பட வேண்டும்? இதில் தேவனுடைய நோக்கம் இன்னது என்று விளக்கம் கொடுப்பதைவிட, எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியிருந்த அந்தக் குழந்தை தப்பியது பின்னால் சிலுவையில் மரிப்பதற்காகவே என்று சொல்லி நிறுத்துவது லுத்தரன் வழி. லுத்தர் சொன்ன மூன்றாம் விதியான சோதனை இங்கேதான் வேலை செய்கிறது. அதை நாம் ஆயத்தம் செய்ய முடியாது.

லெந்து காலத்தில் குறைவாகப் பேசுங்கள். பெரிய வியாழனன்று மட்டும் கூட்டம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து நில்லுங்கள். பஸ்கா பௌர்ணமியை ஒட்டி வருவதால், அன்று வாவிக்கு மேல் நிலவு ஏறக்குறைய முழுமையாக நிற்கும். அப்படிப்பட்ட நிலவொளியிலும் யூதாஸ் பந்தங்களோடும் தீவட்டிகளோடும் வந்தான், ஒளிந்திருப்பவரைத் தேடுகிறவனைப்போல. அவர் ஒளிந்திருக்கவில்லை, "நான்தான்" என்று முன்னே வந்தார்.

உயிர்த்தெழுந்த ஞாயிறு எங்களுக்கு 2019க்குப் பிறகு வேறு மாதிரி. ஏப்ரல் 21 காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத்தாக்குதலை இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நாளுக்கு மாற்கு 16இன் முதல் எட்டு வசனங்களை எடுக்கும் ஆண்டில், பெண்கள் பயந்து ஓடியதோடு பாடம் முடிந்துவிடும். மகிழ்ச்சியான முடிவைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பயந்திருந்தவர்களுக்கும் கல்லறை வெறுமையாகத்தான் இருந்தது. அவர்களுடைய தைரியத்தில் உயிர்த்தெழுதல் தங்கியிருக்கவில்லை.

திரித்துவ ஞாயிற்றுக்குப் பின்வரும் நீண்ட பச்சைக் காலத்தை (ஆராதனை நிறம் பச்சையாக இருக்கும் காலத்தை)ப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாடம் வருகிறபடி வாசித்துக்கொண்டு போகலாம். சொல்வதற்கு ஒன்றும் தோன்றாத வாரங்களில் லுத்தரின் கேள்வி-பதில் நூலான சிறிய ஞானோபதேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றாட அப்பம் என்றால் என்ன என்ற கேள்விக்கு லுத்தர் 1529இல் எழுதிய பதிலில் உணவும் உடையும் மட்டுமல்ல, வயலும் கால்நடையும், நல்ல காலநிலையும் சமாதானமும் நல்ல அயலவர்களும் அடங்கும். அந்தப் பட்டியலை ஒரு வீட்டு ஜெபத்தில் ஒவ்வொருவராக ஒரு சொல்லை எடுத்து நன்றி சொல்லச் செய்தால், பத்து நிமிடம் போதாமல் போகும். அக்டோபர் 31 சீர்திருத்தத் திருநாளில் மற்றச் சபைகளைக் குறைசொல்லும் பிரசங்கம் வேண்டாம். அறையில் பாதிப்பேர் அந்தச் சபைகளைச் சேர்ந்த உங்கள் மாமாவும் மச்சானும்தான்.

தாளில் எழுதுதல்

வியாழன் இரவு எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். முதலில் பாடத்தில் உங்களை நிறுத்திய ஒரு சொல் அல்லது செயல். பிறகு அது நம்மிடம் எதைக் கேட்கிறது என்பது சுருக்கமாக. பிறகு கிறிஸ்து எதைத் தந்தார் என்பது நீளமாக. முடிவில் அந்த வாரத்துக்குரிய வேண்டுதல். பாட்டைக் காலத்துக்கு ஏற்றபடி எடுங்கள். லெந்தில் அல்லேலூயா வரும் பாட்டைத் தவிர்ப்பது பல சபைகளின் வழக்கம். கூட்டம் இரவில் முடிந்தால் ஞானோபதேசத்தின் மாலை ஜெபத்தையே சொல்லி முடிக்கலாம். அதன் பின்குறிப்பாக "உடனே மகிழ்ச்சியோடு உறங்கப் போ" என்று லுத்தர் எழுதியிருக்கிறார், பத்து மணிக்கு மேல் இழுக்கிற கூட்டங்களுக்கு நல்ல மருந்து.

தாளின் மேல் மூலையில் ஞாயிற்றின் பெயர், பாடத்தின் அதிகாரம், திகதி ஆகியவற்றை எழுதி, ஒரு கொப்பியில் ஒட்டிவிடுங்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே பாடம் வரும்போது அதைத் திறந்து, பென்சில் கோடுகளையும் வட்டங்களையும் எண்ணிப் பாருங்கள். என் முதல் கொப்பி ஒரு மார்கழி வெள்ளத்தில் ஊறிப் போய்விட்டது. இப்போதையதைப் பொலித்தீன் பையில் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.